வளர்தல், வளர்த்தல்

உளச்சிகிச்சை செய்கிறவர்கள் சொந்தமாக ஓர் அறை எடுத்துத் தொழில் நடத்துவது எப்படி என்று சொல்லித்தரும் நூல்கள் ஆங்கிலத்தில், குறிப்பாக அமெரிக்காவில், ஒரு தனி வகையாகவே பெருகியிருக்கின்றன. வாடகை ஒப்பந்தம், வரிக் கணக்கு, இணையத்தில் பெயர் தெரியச் செய்வது ஆகியவற்றுக்குச் சில அத்தியாயங்கள் இருக்கும். மீதியெல்லாம் சிகிச்சையாளரின் மனத்தைப் பற்றியவை. உனக்குள் நீ வளராதவரை உன் தொழில் வளராது என்பதுதான் இவற்றின் மையச் செய்தி. நம் ஊரில் உளவள ஆலோசனையைத் தொழிலாக எடுத்துக்கொண்ட இளம்பெண்களின் மேசைகளிலும் இன்று இந்த நூல்களைப் பார்க்கிறேன். இதே மொழியில் பேசும் பயிற்சி வகுப்புகளுக்கு அவர்கள் பணம் கட்டிப் போகிறார்கள்.

இலக்கியம் கற்பிக்கிறவளாக இவற்றைப் படிக்கும்போது என் கண்ணில் முதலில் படுவது கதை. எதைத் திறந்தாலும் ஏறக்குறைய ஒரே கதைதான். நாயகி நன்றாகப் படித்தவள். பிறர் துன்பத்தைப் பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவள். கட்டணம் இவ்வளவு என்று சொல்லும் இடத்தில் மட்டும் அவள் குரல் தாழ்ந்துவிடும். சொன்ன தொகையைத் தானே குறைத்துக்கொள்வாள். நேரம் முடிந்த பிறகும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டாள். பிறகு ஒருநாள் தன் பிள்ளைப் பருவத்துக்குத் திரும்பிப் போகிறாள். பணம் பற்றி வீட்டில் கேட்ட பேச்சுகளை நினைவுகூர்கிறாள். தன்னைத் தானே மதிக்கவில்லை என்று கண்டுகொள்கிறாள். அழுகிறாள், ஆறுகிறாள், கட்டணத்தை உயர்த்துகிறாள். அறை நிரம்புகிறது. சுபம்.

இந்தக் கதையில் வில்லன் கிடையாது. பயிற்சிக்காலம் முழுவதும் சம்பளமில்லாமல் வேலை வாங்கிய நிறுவனம் இதில் வருவதில்லை. தனியாக ஒரு பெண் அறை கேட்டு வந்தால் யார் யார் வந்து போவார்கள் என்று விசாரிக்கும் வீட்டுக்காரர் வருவதில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் யாரையும் பார்க்காதே என்று சொல்லும் குடும்பமும் வருவதில்லை. நாயகியின் தயக்கம்தான் வில்லன். அதை வென்றால் போதும்.

இந்தக் கதையை எள்ளி ஒதுக்கிவிடுவது எளிது. அது நியாயமாகாது. ஏனென்றால் இது தொடும் காயம் உண்மையானது.

தமிழ் இலக்கணத்தில் ‘வளர்தல்’ தன்வினை. ‘வளர்த்தல்’ பிறவினை. பள்ளியில் படித்த இந்த வேறுபாட்டை வாழ்க்கையில் வைத்துப் பார்த்தால், நம்மில் பெரும்பாலான பெண்களின் ஆயுள் பிறவினையிலேயே கழிகிறது. பிள்ளையை வளர்த்தவள், தம்பி தங்கைகளை வளர்த்தவள், மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் என்று நம்மைப் பற்றிச் சொல்லப்படும் நல்ல வார்த்தைகளிலெல்லாம் செயப்படுபொருள் வேறு யாரோதான். அவள் வளர்ந்தாள் என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால் அது உயரத்தைக் குறிக்கும், அல்லது கல்யாண வயதைக் குறிக்கும்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஜீன் பேக்கர் மில்லர் 1976இல் வெளியிட்ட ‘பெண்களின் புதிய உளவியலை நோக்கி’ என்ற நூல் இந்தப் பிறவினையைத்தான் ஆராய்ந்தது. பிறர் வளர்வதில் பங்கெடுப்பதே பெண்கள் இடைவிடாமல் செய்துவரும் வேலை, ஆனால் அது ஒரு செயல் என்றே கணக்கில் வருவதில்லை என்று அவர் காட்டினார். கீழே வைக்கப்பட்டவர்கள் மேலே இருப்பவர்களின் முகக்குறிப்பைக் கூர்ந்து படிக்கப் பழகிவிடுகிறார்கள், அது பிழைத்திருக்கத் தேவையான கல்வி என்றும் சொன்னார். இந்தக் கல்வியில் தேறிய பெண்கள் உளச்சிகிச்சைத் தொழிலுக்கு வருவதில் வியப்பில்லை. வீட்டில் ஊதியமின்றிச் செய்த வேலையையே இங்கும் செய்யப்போகிறார்கள். வேறுபாடு, இங்கே அதற்குக் கட்டணம் கேட்க வேண்டும். நாக்கு எழாமல் போவது அந்த இடத்தில்தான்.

நம் மொழியும் இதில் கூட்டுச் சேர்கிறது. ‘காது கொடுத்துக் கேட்பது’ என்கிறோம். கேட்பதைக் கொடை என்று மொழியே முடிவு செய்துவைத்திருக்கிறது. கொடையை எப்படி விற்பது? கூலி, சம்பளம், கட்டணம், தட்சிணை என்று உழைப்புக்கு ஈடான பணத்தைக் குறிக்க நம்மிடம் பல சொற்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் சாதியும் தகுதியும் ஒட்டியிருக்கின்றன. கேட்டதற்குக் கூலி என்று ஓர் ஆலோசகர் சொல்லிப் பார்க்கட்டும், எதிரே இருப்பவருக்கு அது எவ்வளவு கரடுமுரடாகக் கேட்கும்! ஆனாலும் நடப்பது அதுதான். ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983இல் ‘நிர்வகிக்கப்பட்ட இதயம்’ என்ற நூலில் விமானப் பணிப்பெண்களின் புன்னகையை ஆராய்ந்து, உணர்ச்சியை அடக்கியும் வரவழைத்தும் செய்யும் வேலையும் உழைப்பே என்று நிறுவினார். ஆகவே ஒரு பெண் தன் நேரத்துக்கு விலை சொல்லப் பழகுவதை நான் வரவேற்கிறேன். தன்வினையில் ஒரு வாக்கியம் அமைக்க அவள் பழகுகிறாள்.

என் கேள்வி அதற்கு அடுத்த படியில் எழுகிறது. விலை சொல்லப் பழகுவதை உள்ள வளர்ச்சி என்று பெயரிடும்போது, இரண்டு வேறு வளர்ச்சிகள் ஒரே சொல்லுக்குள் திணிக்கப்படுகின்றன. ஒன்று சிகிச்சையாளரின் மனம் விரிவது, மற்றொன்று அவருடைய வருமானம் பெருகுவது. முதலாவது நடந்தால் இரண்டாவது நடக்கும் என்றும், இரண்டாவது நடக்கவில்லை என்றால் முதலாவது நடக்கவில்லை என்றும் இந்த நூல்கள் நம்மை நம்பவைக்கின்றன. அறை காலியாக இருந்தால் உன் மனத்தில் கோளாறு. இதைவிடக் கொடிய தீர்ப்பை எந்த முதலாளியும் சொன்னதில்லை.

*

சிகிச்சையாளர் தன்னைத்தானே செப்பனிட வேண்டும் என்ற எண்ணம் தொடக்கத்தில் வேறு காரணத்துக்காகப் பிறந்தது. உளப்பகுப்பாய்வாளர் எவரும் தன் மனச்சிக்கல்கள் அனுமதிக்கும் எல்லையைத் தாண்டிப் பிறரை அழைத்துச் செல்ல முடியாது என்று 1910இல் ஃபிராய்டு சொன்னார். தன்னிடத்தில் பார்க்க அஞ்சுவதை எதிரே இருப்பவரிடத்திலும் பார்க்கத் தவறிவிடுவோம் என்பது இதன் பொருள். 1937இல், தன் கடைசிக் காலத்தில் எழுதிய கட்டுரையில், பகுப்பாய்வாளர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது தாங்களே மீண்டும் பகுப்பாய்வுக்கு உட்பட வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். இங்கே வளர்ச்சி ஒரு கடன். எதிரே இருக்கும் மனிதருக்குப் பட்ட கடன். அதற்கும் வருமானத்துக்கும் முடிச்சுப் போடப்படவில்லை.

முடிச்சு வேறோர் இடத்தில் விழுந்தது. சிகிச்சையைத் தொடங்குவது பற்றி 1913இல் ஃபிராய்டு எழுதிய கட்டுரை, தனித் தொழில் நடத்துவோருக்கான முதல் கையேடு என்று சொல்லத்தக்கது. ஒவ்வொருவருக்கும் தன் நாளில் ஒரு மணி நேரத்தைக் குத்தகைக்கு விடுவதாக அதில் சொல்கிறார். வந்தாலும் வராவிட்டாலும் அந்த மணி நேரத்துக்குப் பணம் தர வேண்டும். பாலுறவு பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசும் மருத்துவர் பணம் பற்றியும் அப்படியே பேச வேண்டும் என்கிறார். நாள்தோறும் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ பிறர் தன்னை உற்றுப் பார்ப்பதைப் பொறுக்க முடியாததால்தான் படுக்கைக்குப் பின்னால் உட்கார்கிறேன் என்ற ஒப்புதலும் அதே கட்டுரையில் இருக்கிறது. தன் எல்லையைத் தயங்காமல் சொல்லும் ஓர் ஆணின் குரல் இது. நம் நூல்களின் நாயகி பயின்று பெற முயல்வதும் இந்தக் குரலைத்தான்.

அதே கட்டுரையில் இலவசச் சிகிச்சை பற்றியும் ஒரு தீர்ப்பு உண்டு. ஏறத்தாழப் பத்தாண்டுகள் நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரத்தை இலவசமாகத் தந்து பார்த்ததாகவும், அது நோயாளியின் எதிர்ப்பைக் கூட்டிவிடுவதாகவும் எழுதுகிறார். இளைஞர்களுக்கு நன்றிக்கடன் உறுத்துமாம். இளம்பெண்களுக்கோ மருத்துவர்மீது ஏற்படும் ஈர்ப்பு கட்டுக்கடங்காமல் போகுமாம். பணம் ஒரு வேலி. ஆண் நோயாளியின் மானத்தைக் காக்கவும், பெண் நோயாளியின் ஆசையைத் தடுக்கவும் அந்த வேலி வேண்டியிருக்கிறது. பணம் தருகிறவர்தான் சிகிச்சையை மதிப்பார் என்று இன்றைய நூல்கள் தயங்காமல் சொல்லும் வாக்கியத்துக்கு மூத்த வடிவங்களில் ஒன்று இது. கட்டணத்தைக் கேட்டுப் பின்வாங்குகிறவர் தன் நலனில் முதலீடு செய்ய இன்னும் ஆயத்தமாகவில்லை என்று இந்நூல்கள் சிகிச்சையாளருக்கு ஆறுதல் சொல்கின்றன.

ஆனால் பெண்ணின் சிகிச்சைக்குப் பணம் கொடுப்பது யார்? ஃபிராய்டின் புகழ்பெற்ற நோயாளிகளில் ஒருத்தியான ‘டோரா’வையே பார்ப்போம். 1900இல், பதினெட்டு வயதில், அவளைக் கொண்டுவந்து விட்டவர் தந்தை. குடும்ப நண்பர் தன்னிடம் முறைகேடாக நடந்தார் என்று அவள் சொன்னதைத் தந்தை நம்பவில்லை. அந்த நண்பரின் மனைவியோடு தந்தைக்கு உறவு இருந்தது. பெண்ணைச் சரிசெய்து தர வேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு. பதினொரு வாரத்தில் டோரா தானாகவே சிகிச்சையை நிறுத்திக்கொண்டாள். இரண்டு வாரத்துக்கு முன்பே முடிவெடுத்ததாக அவள் சொன்னதும், வேலைக்காரப் பெண் முன்னறிவிப்புக் கொடுப்பதுபோல் இருக்கிறதே என்றார் ஃபிராய்டு. குத்தகை எடுத்த மணி நேரம் அவளுடையது என்றால் அவள் எப்படி வேலைக்காரி ஆனாள்? பணம் தந்தையுடையது என்பதை அந்த உவமை காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இதை வியன்னாவிலேயே விட்டுவிட வேண்டியதில்லை. நம் ஊரில் கைப்பேசி வழியே ஐந்நூறோ ஆயிரமோ அனுப்பினால் அடுத்த நொடியில் கணவரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போகும் கூட்டுக் கணக்குகள் எத்தனை? சம்பளம் வாங்கும் பெண்களின் ஏடிஎம் அட்டையே மாமனார் சட்டைப்பையில் இருக்கும் வீடுகள் எத்தனை? வாரம்தோறும் செவ்வாய்க்கிழமை பதினொரு மணி என்று ஒரு நேரத்தை யாருக்கும் பதில் சொல்லாமல் தன்வசம் வைத்துக்கொள்ள எத்தனை பெண்களால் முடியும்? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அந்த மணி நேரம் போயிற்று. வராததற்கும் பணம் தர வேண்டும் என்ற விதி, காலத்தைச் சொந்தமாக வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அந்த விதியை மீறுகிறவளைச் சிகிச்சையில் அக்கறை இல்லாதவள் என்று படிப்பது பிழையான வாசிப்பு.

ஃபிராய்டும் 1913இலேயே நின்றுவிடவில்லை. 1918இல் புடாபெஸ்டில் ஆற்றிய உரையில், உயிர் காக்கும் அறுவைச் சிகிச்சையில் ஏழைக்கு உள்ள உரிமை மனத்துக்கான உதவியிலும் உண்டு, அதை இலவசமாகத் தரும் நிலையங்கள் வர வேண்டும் என்றார். 1920இல் பெர்லினிலும் 1922இல் வியன்னாவிலும் அப்படிப்பட்ட நிலையங்கள் திறக்கப்பட்டன. எலிசபெத் ஆன் டேன்டோ இந்த வரலாற்றைத் தனி நூலாகவே எழுதியிருக்கிறார். தனித் தொழில் கையேடுகள் 1913ஆம் ஆண்டு ஃபிராய்டை வைத்துக்கொண்டு 1918ஆம் ஆண்டு ஃபிராய்டை விட்டுவிட்டன.

*

சிகிச்சையாளரின் வளர்ச்சி பற்றி இன்று அதிகம் படிக்கப்படும் எழுத்தாளர் இர்வின் யாலோம். இளம் சிகிச்சையாளர்களுக்காக 2002இல் அவர் எழுதிய ‘சிகிச்சை என்னும் பரிசு’, சிகிச்சையாளரின் மிக மதிப்புள்ள கருவி அவருடைய சுயமே என்கிறது. ஆகவே தானும் சிகிச்சை எடுத்துக்கொள்வது கட்டாயம் என்கிறது. இதில் எனக்கு மறுப்பில்லை. அவருடைய பழைய நூல் ஒன்றில்தான் என் கவனம் நிற்கிறது.

1974இல் வெளிவந்த ‘ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் நெருக்கமாக’ என்ற அந்நூலுக்கு ஆசிரியர்கள் இருவர். ஒருவர் யாலோம். மற்றவர் ‘ஜின்னி எல்கின்’ என்ற புனைபெயர் தாங்கிய பெண், எழுத்து முடங்கிப்போன இளம் எழுத்தாளர். கட்டணம் தர அவருக்கு வசதியில்லை. அதற்கு ஈடாக ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் அங்கே நடந்ததை ஒளிக்காமல் எழுதித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. யாலோமும் தன் பங்குக்கு எழுதினார். சில மாதங்களுக்கு ஒருமுறை ஒருவர் எழுதியதை மற்றவர் படித்தார்கள்.

படித்தபோது வெளிப்பட்ட உண்மையை யாலோம் பிற்காலத்தில் திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்தார். தன் நுட்பமான விளக்கங்கள்தான் ஜின்னியைத் தொட்டிருக்கும் என்று அவர் எண்ணியிருந்தார். ஜின்னியின் குறிப்புகளிலோ அந்த விளக்கங்களுக்கு இடமே இல்லை. அவருடைய உடையைப் பற்றிச் சொன்ன ஒரு நல்ல வார்த்தை, தாமதமாக வந்ததற்குத் தடுமாறிக் கேட்ட மன்னிப்பு, அவருடைய கிண்டலுக்குச் சிரித்த சிரிப்பு, இவைதாம் பதிவாகியிருந்தன. நோயாளியின் சன்னலிலிருந்து பார்க்கப் பழக வேண்டும் என்று அடுத்த தலைமுறைக்கு யாலோம் தந்த பாடம் இங்கே பிறந்தது.

இந்தப் பாடத்தைக் கற்பித்தவர் யார்? கட்டணம் தர முடியாத ஒரு பெண். அவர் கொடுத்த கூலி எழுத்து. அதுவும் எழுத முடியாமல் தவித்தவரிடமிருந்து வாங்கப்பட்ட எழுத்து. அந்த ஏற்பாடு அவருடைய முடக்கத்துக்கும் மருந்தாகட்டும் என்ற நல்லெண்ணம் யாலோமுக்கு இருந்தது. புனைபெயர் ஜின்னியைப் பாதுகாத்தது என்பதும் மெய்தான். ஆயினும் ஒரு கவிஞராக நான் இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது: சிகிச்சையாளர் தன் பெயரில் எழுதினார், பெண் தன் பெயரில்லாமல் எழுதினார். இருவரும் எழுதினார்கள், ஒருவருக்கு எழுத்துலகில் பெயர் வளர்ந்தது.

1989இல் வந்த ‘காதலைக் கொல்பவன்’ தொகுப்பிலுள்ள ‘குண்டுப் பெண்’ என்ற வரலாற்றில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. உடல் பருத்த பெண்கள்மீது தனக்குள்ள அருவருப்பை யாலோம் முதல் பக்கங்களிலேயே விரிவாக ஒப்புக்கொள்கிறார். பெட்டி என்ற பெண் அறைக்குள் வந்ததும் அவருக்குள் வெறுப்பு மூள்கிறது. அதை அவர் மெல்ல மெல்லக் கடந்து வருவதுதான் கதை. சிகிச்சையின் முடிவில், தான் வெற்றி பெற்றுவிட்டதாக எண்ணி அவர் இதை ஒப்புக்கொள்ளும்போது, தொடக்க மாதங்களில் நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும் என்கிறாள் பெட்டி. 

ஒப்புக்கொண்ட துணிவுக்காக யாலோமைப் பாராட்டுகிறவர்கள் பலர். எனக்கோ பெட்டியின் பக்கம்தான் மனம் போகிறது. அந்த மாதங்கள் முழுவதும் அவள் தன்னைப் பார்க்காத ஒருவர் முன் உட்கார்ந்திருந்தாள். அவருக்குச் சலிப்புத் தட்டக் கூடாதென்று வேடிக்கையாகப் பேசினாள். அவருடைய வெறுப்பைத் தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தாள். மில்லர் சொன்ன அந்தக் கல்வி அவளிடம் இருந்தது. சிகிச்சையாளர் வளர்ந்தார், பெட்டி வளர்த்தாள். கதைத் தலைப்பில் மட்டும் அவள் இன்னும் குண்டுப் பெண்.

இந்த மரபு யாலோமுக்கும் முந்தியது. இந்தத் தொழிலுக்கே ‘பேச்சு மருத்துவம்’ என்று பெயர் வைத்தவள் ஒரு நோயாளி. யோசப் பிராயரிடம் 1880 முதல் 1882 வரை சிகிச்சை பெற்ற பெர்த்தா பாப்பன்ஹைம், ‘அன்னா ஓ’ என்ற மறைபெயரில் 1895ஆம் ஆண்டு நூலில் இடம்பெற்றாள். நூலில் பிராயர், ஃபிராய்டு பெயர்கள் இருந்தன. பெர்த்தா பின்னாளில் மேரி வுல்ஸ்டன்கிராஃப்டை ஜெர்மனில் மொழிபெயர்த்தாள். 1904இல் ஜெர்மனியில் யூதப் பெண்கள் கூட்டமைப்பை நிறுவினாள். அவளுடைய வளர்ச்சி பிராயரின் அறைக்கு வெளியே, பிற பெண்களோடு நடந்தது.

*

பிற பெண்களோடு என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நாம் அடிக்கடி எடுத்தாளும் ‘அந்தரங்கமே அரசியல்’ என்ற முழக்கம் ஒரு கட்டுரையின் தலைப்பு. கேரல் ஹனிஷ் 1969இல் எழுதி 1970இல் அச்சான அந்தக் கட்டுரை எதைப் பற்றியது என்பதைப் பலர் மறந்துவிட்டோம். அது உளச்சிகிச்சையைப் பற்றியது. பெண்கள் கூடி உட்கார்ந்து தங்கள் வாழ்க்கையைப் பேசுவது அரசியல் அல்ல, வெறும் சிகிச்சை என்று இயக்கத் தோழர்கள் கேலி செய்தார்கள். அதற்குத்தான் ஹனிஷ் பதில் எழுதினார். சிகிச்சை என்ற சொல், யாரோ நோயாளி என்றும் தனிமனிதத் தீர்வு ஒன்று உண்டென்றும் கருதிக்கொள்கிறது. எங்கள் கூட்டங்களில் நாங்கள் கண்டுகொள்வது, எங்களுடைய தனிப்பட்ட துன்பங்கள் அரசியல் துன்பங்கள் என்பதை, அவற்றுக்குத் தனித் தீர்வு கிடையாது, கூட்டு நடவடிக்கைதான் தீர்வு என்பதை, என்று அவர் வாதிட்டார்.

இந்தக் கண்ணாடியை அணிந்து நம் நாயகியின் தயக்கத்தைத் திரும்பப் பார்ப்போம். கட்டணம் கேட்கக் கூசும் ஒரு பெண்ணுக்குத் தன்மதிப்புக் குறைவு என்று சொல்லலாம். நூறு பெண்கள் கூசினால்? அப்போது கூச்சம் ஒரு தகவல். பெண்களின் பராமரிப்பு உழைப்பு இலவசம் என்று ஒரு சமூகம் எழுதிவைத்திருக்கும் கணக்கின் தகவல். அதைத் தனித்தனி அறைகளில், தனித்தனிப் பயிற்சி வகுப்புகளுக்குப் பணம் கட்டி, தனித்தனியாகக் குணப்படுத்திக்கொள்ளச் சொல்வது, கணக்கை அப்படியே விட்டுவிட்டுக் கூச்சத்தை மட்டும் துடைப்பது. பயிற்சிக்காலத்துக்கு ஊதியம், பள்ளிகளிலும் அரசு மருத்துவமனைகளிலும் நிரந்தரப் பணியிடம், தொண்டு நிறுவனங்களில் நேர வரம்பு ஆகியவற்றைச் சேர்ந்து கேட்க வேண்டிய பெண்கள், ஆளுக்கொரு கண்ணாடி முன்னால் நின்று நான் மதிப்புள்ளவள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஹனிஷின் வாதத்திலும் ஒரு குறை உண்டு. கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போன பிறகு இரவில் தனியாக அழும் பெண்ணுக்கு அரசியல் தெளிவு மட்டும் போதாது. அந்த இடைவெளியை உணர்ந்தவர்கள்தாம் சூசி ஓர்பாக்கும் லூயிஸ் ஐகன்பாமும். 1976இல் லண்டனில் அவர்கள் தொடங்கிய பெண்கள் சிகிச்சை மையம், சிகிச்சை அறையையும் பெண்ணியத்தையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. தன் தேவையை அடக்கிப் பிறர் தேவையை முன்னுணரும்படி தாயே மகளைப் பழக்குகிறாள், அந்தத் தாயும் அப்படிப் பழக்கப்பட்டவள்தான் என்று அவர்கள் எழுதினார்கள். தங்களையும் அந்த மகள்களின் வரிசையில் வைத்தே யோசித்தார்கள்.

தமிழகத்திலும் இந்த வரலாற்றுக்கு ஒரு கிளை உண்டு. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப்படும் சாரதா மேனன் 1984இல் சென்னையில் மனச்சிதைவு நோய்க்கான ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃபை உருவாக்கினார். 1986இல் லட்சுமி விஜயகுமார் தற்கொலைத் தடுப்புக்காக ஸ்நேகாவைத் தொடங்கினார். தெருவில் கைவிடப்பட்ட பெண்களுக்காக 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் பான்யனை நிறுவினார்கள். நம் ஊரில் பெண்கள் மனநலத் துறையில் அழுத்தமாகக் கால் பதித்தது தனி அறைகளில் அன்று, பலர் சேர்ந்து நடத்திய நிலையங்களில்.

இதைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடவும் கூடாது. ஸ்நேகாவில் தொலைபேசியை எடுத்துக் கேட்கிறவர்கள் தன்னார்வலர்கள். விரும்பித் தரும் அந்தக் கொடையை நான் வணங்குகிறேன். ஆனால் தன்னார்வலராக இருக்க வீட்டில் வேறொருவர் சம்பாதிக்க வேண்டும். கல்விக்கடன் கட்டிக்கொண்டிருக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கொடை ஆடம்பரம். என்னிடம் தமிழ் படித்துவிட்டு உளவியலுக்குப் போன மாணவி ஒருத்தி கேட்டாள்: “இலவசமாப் பார்த்தா சேவைங்கிறாங்க, காசு வாங்கினா வியாபாரம்ங்கிறாங்க. வேலைன்னு எப்பதான் மேடம் சொல்லுவாங்க?” தியாகத்துக்கும் வணிகத்துக்கும் நடுவில் ‘வேலை’ என்ற சொல்லுக்கு இடம் கேட்கும் இந்தக் கேள்வி, நான் படித்த எந்தக் கையேட்டிலும் இல்லை.

வேலை என்று ஒப்புக்கொண்டுவிட்டால் பல முடிச்சுகள் தளர்கின்றன. வேலைக்குக் கூலி உண்டு. அதைக் கேட்க யாரும் ஆன்ம விசாரணை செய்ய வேண்டியதில்லை. எவ்வளவு என்பதை வாடகையும் அரிசி விலையும் முடிவு செய்யட்டும், தன்மதிப்பு முடிவு செய்ய வேண்டாம். வேலைக்கு நேர வரம்பு உண்டு, ஓய்வு உண்டு. கட்டணம் தர முடியாதவளுக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் அதுவும் திட்டமிட்ட வேலையின் பகுதி, யாருடைய கருணையும் அல்ல. பத்து ஆலோசகர்கள் சேர்ந்தால் அந்த நேரத்துக்கான செலவைப் பங்கிட்டுக்கொள்ள முடியும்.

வேலை என்றால் அதைத் தரம் பார்க்கப் பிறர் கண்ணும் வேண்டும். பிரிட்டனின் ஆலோசகர், உளச்சிகிச்சையாளர் சங்கம் தன் உறுப்பினர்கள் அனுபவம் எவ்வளவு இருந்தாலும் தொடர்ந்து மேற்பார்வையில் பணியாற்ற வேண்டும் என்று விதித்திருக்கிறது. தான் என்ன செய்கிறோம் என்பதை இன்னொருவரிடம் சொல்லி, தனக்குத் தெரியாமல் எங்கே முகம் திருப்பிக்கொள்கிறோம் என்று கேட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது. பெட்டி மாதக்கணக்கில் சுமந்த சுமையைச் சிகிச்சையாளரின் சக தொழிலாளி சுமக்கும் ஏற்பாடு. ஃபிராய்டு 1910இல் சொன்ன கடனை அடைக்கும் வழிகளில் இது ஒன்று. கைம்மாறு எதிர்பாராமல் வளர்த்துவிட ஒரு நோயாளி கிடைப்பாள் என்று காத்திருப்பதைவிட நேர்மையானதும்கூட. நம் ஊரில் தனியாக அறை எடுத்திருக்கும் பெண்கள் நான்கைந்து பேராகக் கூடி மாதம் இருமுறை இதைச் செய்துகொள்ள எந்தப் பயிற்சி வகுப்பின் சான்றிதழும் தேவையில்லை. அங்கே சாதி பேசப்பட வேண்டும். யார் நாற்காலியில் உட்காரக் கூசுகிறார்கள், யாருக்கு நாம் தண்ணீர் தர மறந்துபோகிறோம் என்பதும் பேசப்பட வேண்டும். சிகிச்சையாளரின் வளர்ச்சி என்று நான் புரிந்துகொள்வது இந்தப் பேச்சைத்தான்.

வந்து உட்காருகிறவரை எந்தப் பெயரால் அழைப்பது என்பதையும் அங்கே பேசலாம். கார்ல் ரோஜர்ஸ் ‘நோயாளி’ என்ற சொல்லின் ஏற்றத்தாழ்வை விலக்கத்தான் ‘கிளையண்ட்’ என்ற சொல்லை எடுத்தார். 1951ஆம் ஆண்டு நூலின் தலைப்பிலேயே அதை வைத்தார். தமிழில் அதை ‘வாடிக்கையாளர்’ என்று சொன்னவுடன் மளிகைக்கடை நினைவுக்கு வருகிறது. ‘பயனாளி’ என்றால் அரசு நலத்திட்டம். இந்த உறவுக்குரிய சொல்லை நாம் இன்னும் கண்டடையவில்லை. சொல்லில்லாத இடத்தில் உறவைக் கடன் வாங்கிய கையேடுகள் வரையறுத்துவிடும்.

தமிழில் சிகிச்சையாளர்கள் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். இனி அவர்கள் தங்கள் வளர்ச்சியைப் பற்றி எழுதும்போது ஜின்னியின் ஏற்பாட்டில் நல்லதை எடுத்துக்கொண்டு கெட்டதை விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த அறையில் நடந்தது இரண்டு நாற்காலிகளிலிருந்தும் எழுதப்படட்டும். எதிர்நாற்காலியிலிருந்து எழுதுகிறவள் விரும்பினால் தன் பெயரிலேயே எழுதட்டும். கட்டணத்துக்கு ஈடாக அவளிடம் எழுத்தை வாங்க வேண்டாம். அவள் எழுதியதற்கு அவளுக்குப் பணம் கொடுங்கள்.